அம்மா வீட்டில் நான் மாட்டிய ஹீட்டர்

குருபோங் பக்கம் எந்தத் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தாலும் நான் ஹீட்டர் மாட்டிய வீடு நாலைந்தாவது இருக்கும். இருபது வருஷமாக ஒயரிங் வேலைதான். தொட்டி வைத்த பெரிய ஹீட்டரை இப்போது யாரும் கேட்பதில்லை. குழாயைத் திறந்ததும் சுடச்சுடக் கொட்டுகிற சின்னப் பெட்டிதான் எல்லாருக்கும் வேண்டும். அரை நாளில் வேலை முடிந்துவிடும்.

இத்தனை வீட்டுக்கு மாட்டியவன் பெற்றவளுக்கு மாட்டவில்லை. அம்மா மெர்லிமாவில் தனியாக இருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போன காலத்துப் பழக்கம், விடிவதற்கு முன் குளித்துச் சாமி விளக்கேற்றினால்தான் காப்பியே தொண்டையில் இறங்கும். மாலை விளக்குக்கும் இன்னொரு குளியல். மூட்டு வலி வந்த பிறகு, அடுப்பில் வெந்நீர் வைத்து, குண்டானைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு நடப்பார். "அடுத்த வாரம் வந்து போட்டுத் தர்றேம்மா" என்று நானும் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சரிப்பா, உனக்கு வேல இருக்கும்லா" என்பார் அம்மா.

ஒரு நாள் குண்டான் கை நழுவி வெந்நீர் காலில் கொட்டிவிட்டது. தங்கச்சி போனில் கிழித்தாள். "ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் ஓடி ஓடிப் போடுறீங்க. அம்மாவுக்குப் போட மட்டும் நேரம் இல்லையாண்ணே? வெக்கமா இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. அதை ஒத்துக்கொள்ள முடியாமல் அவளிடமே திருப்பிக் கத்தினேன். அந்த வெள்ளிக்கிழமையே பெட்டியை வாங்கிக்கொண்டு மெர்லிமாவ் போனேன்.

அம்மா காலில் கட்டோடு குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "ராகு காலம் வர்றதுக்குள்ள சுவிட்ச தட்டிடுப்பா" என்றார். இதே பேச்சை வேறு வீட்டில் யாராவது பேசினால் சிரித்துக்கொண்டே, "ராகுவுக்கு ஒயரிங் தெரியாதுங்க" என்று சொல்லிவிடுவேன். அம்மாவிடம் அந்த வாய் எழும்பவில்லை.

பழைய செங்கல் சுவர். துளை போட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒயர் இழுத்து, பெட்டியை மாட்டி, தண்ணீர்க் குழாயை இணைத்து முடிக்கையில் ராகு காலத்துக்குப் பத்து நிமிஷம்கூட இல்லை. எந்த வீட்டிலும் சுவிட்சைத் தட்டுவதற்கு முன் இரண்டு சோதனை செய்வேன். எர்த் ஒயர் உண்மையிலேயே மண்ணுக்குப் போய்ச் சேர்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பேன். கரண்டு கசிந்தால் தானாக விழ வேண்டிய பாதுகாப்பு சுவிட்ச் விழுகிறதா என்று அமுக்கிப் பார்ப்பேன். மீட்டர் வேனில் இருந்தது. வேன் தெருமுனையில் நின்றது.

"என்னப்பா, நேரம் ஆவுதுல்ல?"

இரண்டு சோதனையும் செய்யாமலே தட்டிவிட்டேன். பெட்டியில் விளக்கு எரிந்தது. வெந்நீர் கொட்டியது. அம்மா கையை நீட்டித் தண்ணீரைப் பிடித்துப் பார்த்து, "நல்லா இருப்ப" என்றார். இன்னொரு நாள் வந்து சோதித்துக்கொள்ளலாம் என்று சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். ராகு காலத்தின் மேல் பழியைப் போடலாம். ஆனால் என் வேலையில் என்ன தப்பு இருந்துவிடப் போகிறது என்கிற இருபது வருஷத் திமிர்தான் அது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போனேன். வியர்வை நாறியது. குளித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனேன். வெளியே வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஈரக்கையோடு குழாயைத் தொட்டேன். முழங்கை வரை சுர்ரென்று இழுத்தது. அடக் கடவுளே என்று துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து மெயின் சுவிட்சை அணைத்தேன்.

பின்பக்கம் போய்ப் பார்த்தால், சுவரோரம் எப்போதோ சிமெண்டு பூசியவர்கள் எர்த் ஒயரை அறுத்துவிட்டிருந்தார்கள். பழைய மெஷினில் கசிந்த கரண்டு மண்ணுக்குப் போக வழியில்லாமல் எர்த் ஒயர் வழியாகவே ஹீட்டருக்கு வந்து தண்ணீரில் கலந்திருந்தது. பாதுகாப்பு சுவிட்சோ எப்போதோ செத்துக் கிடந்தது. மீட்டர் வைத்திருந்தால் ஒரே நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

"ஏம்மா, குளிக்கிறப்ப உங்களுக்கு ஷாக் அடிக்கலையா?"

"மெஷின் ஓடுனா லேசா சுர்ருன்னும்பா. ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு, துணியால கொழாய புடிச்சா ஒன்னும் செய்யல."

"எத்தன நாளா?"

"போட்ட மறுநாள்லேருந்துதான்."

"ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்று கத்திவிட்டேன். யார் மேல் கோபம் என்று எனக்கே தெரிந்திருந்தது.

அம்மா சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "நாலு வருஷம் கழிச்சு வந்து ஆசையா போட்டுக் குடுத்த. அதுல போயி நான் எப்படிப்பா கொற சொல்றது?"

வேனிலிருந்து கம்பியும் புது சுவிட்சும் எடுத்துவந்தேன். மண்ணில் கம்பியை அடித்து, ஒயரை இணைத்து, சுவிட்சை மாற்றி, மெஷினின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். மீட்டரை மூன்று முறை வைத்துப் பார்த்தேன்.

"விளக்கேத்த நேரமாச்சு. இப்ப செருப்பு வேணாம்ல?" என்றார் அம்மா.

"வேணாம்மா."

அவ்வளவுதான் கேட்டார். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தண்ணீர்ச் சத்தம் நிற்கும்வரை நான் மெயின் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.