நான் துடைத்த சுவர்

அந்தச் சுவரை நான் துடைத்தேன். ஈரத்துணியால், மேலிருந்து கீழ்வரை. ஐம்பது வயதிலும் இதைச் சொன்னால் எனக்கு மூச்சு வாங்குகிறது. உடம்பில் ஏறிய சர்க்கரையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பென்னாகரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவர் உப்புப் பூத்துப் பொரிந்துபோயிருந்தது. அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அப்பாவுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. அக்காவுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது மட்டும் யாருக்கும் பிரச்சினையாகத் தெரியவில்லை. “கட்டிக்கப் போறவங்க படிக்க வெச்சா படிக்கட்டும்” என்று அப்பா முடித்துவிட்டார்.

“பெயிண்டர் எதுக்குங்க? நானே கண்ணாடியாட்டம் ஆக்கிடறேன்” என்று மாமா இறங்கினார். சுரண்டினார், பட்டி மாவைக் குழைத்துப் பூசினார், உப்புத்தாளால் தேய்த்தார். ரசத்தில்கூட மாவு மிதந்தது. பெயிண்ட் அடிப்பதற்குள் நல்ல நாள் வந்துவிட்டது. தூசியைத் துடைக்கும் பொறுப்பு என் தலையில். துடைத்தேன். காய்ந்ததும் கை வைத்துப் பார்த்தேன், மாவு ஒட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் பார்த்தால், பட்டுப்புடவையோடு அக்கா அதே சுவரை உப்புத்தாளால் மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“சொரசொரன்னு கெடக்குதுடா. நீ பெஞ்சையெல்லாம் செவுத்த ஒட்டிப் போடு.”

என் வேலையில் குறை! கோபத்தோடுதான் போட்டேன்.

வந்தார்கள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். பஜ்ஜி வருமுன் மாப்பிள்ளை கை கழுவ எழுந்தார். கறுப்புச் சட்டையின் முதுகெல்லாம் வெள்ளை. அம்மா பதறிப்போய்த் தட்ட, அது இன்னும் பரவியது. மாமா சிரித்துத் தொலைத்தார்.

“பொண்ணு பாக்க வந்தவங்களுக்குச் சுண்ணாம்பு அடிச்சு அனுப்பறீங்களாக்கும்!” என்றாள் மாப்பிள்ளையின் அத்தை. பஜ்ஜியைத் தொடாமல் எல்லோரும் வேன் ஏறிவிட்டார்கள்.

அப்பாவின் கை என் கன்னத்தில் இறங்கியது.

“தொடச்சேங்கப்பா! அக்காதான் மறுக்கா தேய்ச்சா!”

“பட்டுப்பொடவையோட அவ உப்புத்தாள எடுப்பாளா? பொய் வேறயா?” இன்னொன்று.

கதவோரம் அக்கா முந்தானையில் முகம் புதைத்திருந்தாள், தோள்கள் குலுங்கின. “உன்னால புள்ள எப்படி அழுவறா பாரு” என்று அம்மாவும் தன் பங்குக்கு ஒன்று வைத்தாள்.

“அடுத்த வரன் வர்ற வரைக்கும் படிக்கட்டும்” என்று அப்பா இறங்கிவந்தார். அக்கா பெட்டியோடு சேலம் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் வழியாக முறுக்குப் பொட்டலத்தை நீட்டி, என் கன்னத்தைத் தடவினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் பெயரைக் கெடுத்தவள்! அந்த வேலையையாவது ஒழுங்காகச் செய்தாளா? அவ்வளவு பெரிய சுவரில், பெஞ்சில் உட்கார்ந்தவர் முதுகு உயரத்துக்கு மட்டும் ஒரு பட்டை தேய்த்துவிட்டு நிறுத்தியிருந்தாள்.

இவளெல்லாம் நர்சாகி எப்படி உருப்படப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டே முறுக்கைத் தின்றேன்.