சத்தம் வராமல் பேசச் சொன்னேன்

ஆவணப்படம் எடுக்கிற எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வோம். அப்புறம் கோழியைத் துரத்துவோம், பக்கத்து வீட்டு டிவியை அணைக்கச் சொல்லிக் கெஞ்சுவோம். பேச்சு மட்டும் சுத்தமாகப் பதிவாக வேண்டும். நெல்லிவாசல்நாடு என்கிற மலைக் கிராமத்தில் ஓர் அக்காவிடமும் இதைத்தான் செய்தேன்.

அக்காவின் மகன் வெளியூரில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனவன். குடித்துவிட்டு ஏறினான் என்று மேஸ்திரி சொன்னதை அப்படியே பேப்பரில் போட்டுவிட்டார்கள். பையன் குடிக்கவே மாட்டான். அதை ஊர் உலகத்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அக்கா என்னை வீட்டுக்குள் விட்டார்.

ஆனால் கேமராவை வைத்தால் வாயே திறக்கவில்லை. மூன்று முறை போனேன். ஆலங்காயத்திலிருந்து பஸ், அப்புறம் ஷேர் ஜீப், அப்புறம் நடை. ஒவ்வொரு முறையும் அக்கா கல்லின் மேல் புளியை வைத்துக் கட்டையால் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார். தட்டுகிறபோது நன்றாகத்தான் பேசுவார். நான் "சத்தம் வருதுக்கா, கொஞ்சம் நிறுத்துங்க" என்பேன். நிறுத்துவார். கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். பேச்சும் நின்றுபோகும். எனக்கு எரிச்சலாக வரும். அழக்கூட மாட்டேன் என்கிறாரே என்று மனசுக்குள் நினைத்திருக்கிறேன். வெட்கக்கேடு.

கறுப்பினப் பெண்கள் எடுத்த ஆவணப்படங்களை நான் பைத்தியமாகப் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. நாலாவது முறை போனபோது, படம் என்றால் இப்படி இருக்கும் என்று அக்காவுக்குக் காட்ட, அதில் ஒன்றை லேப்டாப்பில் எடுத்துப் போனேன். ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண் ஒருவர், தான் பிழைக்கப் போன வெள்ளைக்கார நகரத்தில் எடுத்தது. போலீஸ் காவலில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், சலவைக் கடையில் வேலை செய்கிறவர், அதில் பேசுகிறார். நடுநிலை என்ற பாவனையே கிடையாது. அதிகாரிகள் தரப்புக்கு ஒரு வரி இல்லை. இத்தனை நாள் அவர்கள்தானே பேசினார்கள் என்கிற மாதிரி விட்டுவிட்டார், படம் எடுத்தவர். அந்தத் துணிச்சலை ஏழெட்டு தடவை பார்த்து மலைத்திருக்கிறேன்.

மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் பார்த்தோம். நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பாதியில் அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"நீ சும்மா இரும்மா. அந்தம்மா சொல்றது எனக்குப் புரியுது."

படம் முடிந்ததும் கேட்டார்.

"பின்னால கடமுடன்னு இன்னா சத்தம் அது?"

"துணி துவைக்கிற மெஷின்க்கா."

"அதை நிறுத்துன்னு அந்தம்மாகிட்ட யாரும் சொல்லலியா?"

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை தடவை பார்த்தும் அந்த இரைச்சல் என் காதில் விழவே இல்லை. அந்தத் தாய் கடைசிவரை துணி மடித்துக்கொண்டேதான் பேசுகிறார். அவரை வேலையிலிருந்து எழுப்பாமல், மெஷினை அணைக்காமல், அப்படியே படமாக்கியிருக்கிறார் ஒரு பெண். கடல் தாண்டி ஒருத்தி செய்ததை, ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாத இந்த அக்கா ஒரே தடவையில் கண்டுபிடித்துவிட்டார்.

"கை சும்மா இருந்தா அவன் செத்ததுதான் ஞாபகம் வருது. கை ஓடினாத்தான் உசுரோட இருந்தது வருது. நீ நிறுத்து நிறுத்துன்ற."

மன்னிப்புக் கேட்டேன். "சரி, போடு" என்று கேமராவைக் காட்டிவிட்டு, புளியை இழுத்து வைத்துத் தட்ட ஆரம்பித்தார்.

"அவன் புளிய மரம் ஏறுற புள்ள. ஏறுற அன்னிக்குப் பச்சத் தண்ணிகூட அளவாத்தான் குடிப்பான், ஒண்ணுக்கு வந்து பாதியில இறங்கக் கூடாதுன்னு. அவனா குடிச்சிட்டு ஏறுவான்? சாரத்துல இடுப்புக் கயிறு இல்லம்மான்னு போன்ல சொன்னான். பாத்து ஏறுடான்னேன்." கட்டை நாலைந்து தடவை விழுந்தது. "வேலையை வுட்டுட்டு வூட்டுக்கு வாடான்னு சொல்லல."

என்னால் கேட்க முடியவில்லை. நானே எழுந்து கேமராவை அணைக்கப் போனேன். அவர் தலை நிமிரவில்லை.

"இருக்கட்டும்மா. அவன் குடிக்கலன்னு ஊர் நம்பணும்னா, என் தப்பையும் நான் மறைக்காம சொல்லணும்."