அத்தானின் லத்தீன்

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் தொட்டாற்சுருங்கியைக் காசுக்கு விற்றார்கள். நீங்கள் நம்ப மாட்டீர்கள், நானும் நம்பவில்லை. என் தையல் கடைக்கு நாலு கடை தள்ளி, முன்பு பத்திரிகையும் வெற்றிலையும் விற்ற இடம் அது. இப்போது கண்ணாடிக் கதவு போட்டு, ஏர்கோன் போட்டு, செடி விற்கிறார்கள். வெள்ளைப் பீங்கான் தொட்டி, அதில் கூழாங்கல், நடுவில் நம்முடைய அந்த முள்ளுச் செடி. பக்கத்தில் ஒரு மர அட்டை குத்தி, மிமோசா புடிகா என்று எழுதியிருந்தார்கள். ஒரு குடும்பமே உட்கார்ந்து பிரியாணி சாப்பிடலாம், அந்த விலை. நான் சிரித்த சிரிப்பில் கடைப் பெண் பயந்துவிட்டாள்.

"தொட்டுப் பாருங்க ஆன்டி, மூடிக்கும். ரொம்ப ஷை லா இது."

"தெரியும்மா. எங்க அக்கா மக பேரு இது."

"மிமோசாவா? நைஸ் நேம்."

"அது இல்ல. பின்னாடி இருக்கே, அது."

அவள் அட்டையை இன்னொரு தடவை படித்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். நல்ல பெண்.

அக்கா மகளை நாங்கள் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பாப்பா என்றதும் கைக்குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு, லோரிக்காரர்களைப் போனிலேயே மிரட்டி வேலை வாங்குகிறவள். இப்போது ஏழு மாதம். பெண் பிள்ளை என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்குப் பேர் வைக்கிற விஷயத்தில் ஒரே பிடியாக நிற்கிறாள். தனக்கு வைக்க அம்மா ஒரு பேர் நினைத்திருந்தாள், வைக்க முடியாமல் போய்விட்டது, அந்தப் பேரைத்தான் தன் மகளுக்கு வைப்பாளாம். அந்தப் பேர் என்ன என்று அக்கா ஒருவரிடமும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கா எந்தக் கடையில் உள்பாவாடை வாங்குகிறாள் என்பது வரைக்கும் தெரிந்தவள் நான்.

அது ஏன் அப்படி ஒரு ரகசியமானது என்று சொல்வதற்கு அத்தானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாய் கசக்கத்தான் செய்கிறது. பரவாயில்லை.

புதுத் துணிக்கட்டைப் பிரிக்கும்போது ஒரு வாடை வரும், கண்ணைக் கரிக்கும். என் கடையில் வேலை செய்கிற பெண்கள் அதைப் புதுத் துணி வாசம் என்பார்கள். எனக்கு அது அத்தானின் சட்டை வாடை. கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் அவர் லேப் அசிஸ்டன்ட். வேலையை நான் குறை சொல்லவில்லை, சோறு போட்ட வேலை. போத்தல் கழுவுவது, தவளையையும் பல்லியையும் அதே வாடை அடிக்கிற பார்மலின் மருந்தில் ஊறப்போடுவது, போத்தலின் மேல் பேர் எழுதி ஒட்டுவது. அந்தப் பேர் எழுதுகிற வேலைதான் மனிதருக்குத் தலைக்கேறிவிட்டது. வாத்தியாராக முடியாத குறையை லத்தீனை வைத்துத் தீர்த்துக்கொண்டார். தெருவில் எல்லோரும் சார் என்று கூப்பிட்டார்கள். அவரும் திருத்தவில்லை.

அந்தக் காலத்தில் நான் கிள்ளானில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் ரயில் தண்டவாளம் வரைக்கும் காலி நிலம். நிலம் முழுக்கத் தொட்டாற்சுருங்கி. மலாய்க்காரப் பிள்ளைகள் செமாலு என்பார்கள், அதுவும் வெட்கத்தை வைத்து வந்த பேர்தான். வேலை முடிந்து வந்து நானும் அக்காவும் செருப்புக் காலால் அதைத் தட்டிக்கொண்டே நடப்போம். பெரிய பொழுதுபோக்கு ஒன்றும் இல்லை, தட்டினால் மூடும், அவ்வளவுதான். அதற்கே அக்கா அப்படிச் சிரிப்பாள்.

வீட்டுக்குள் வந்தால் சிரிப்பு நின்றுவிடும். கறிவேப்பிலைக்கு ஓர் அட்டை, சோற்றில் வாசத்துக்குப் போடுகிற பண்டானுக்கு ஓர் அட்டை. துளசித் தொட்டியிலும் அத்தான் ஓசிமம் என்று எழுதிக் குத்தியிருந்தார். அக்கா வெள்ளிக்கிழமை துளசிக்குக் குங்குமம் வைக்கும்போது அந்த அட்டைக்கும் ஒரு பொட்டு வைத்துவிடுவாள், பாவம். குப்பைத் தொட்டியில் காக்கா உட்கார்ந்தால் அதற்கும் பாடம் உண்டு.

"கோர்வுஸ் ஸ்ப்ளென்டென்ஸ். ஸ்ப்ளென்டென்ஸ்னா என்ன தெரியுமா? ஜொலிக்கறது."

"மீன் கொடல இழுத்துக்கிட்டு ஜொலிக்குதா அத்தான்?"

என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவார். அடித்தாலும் தாங்கலாம், அந்தப் பரிதாபம் இருக்கிறதே. ஒருநாள் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, பீன்ஸுக்கு லத்தீனில் வல்காரிஸ் என்று வரும் என்றார். கெட்ட வார்த்தை மாதிரி இருக்கிறதே என்றேன்.

"அசிங்கம்னு அர்த்தம் இல்ல. சாதாரணம். எல்லா எடத்துலயும் கெடைக்கறது. உன்னை மாதிரி."

அன்றிலிருந்து நான் அந்த வீட்டில் வல்காரிஸ். விருந்தாளி வந்தால்கூட, வல்காரிஸ், பால் விடாம ஒரு தே ஓ போடு என்பார். எனக்கும் வெட்கமில்லை, போட்டுக் கொடுத்தேன். இதில் கேவலம் என்னவென்றால், அந்த மனிதரைத் திட்டித் திட்டியே அவருடைய லத்தீனில் பாதி எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் கடையில் கரப்பான்பூச்சி ஓடினால் வேலைக்காரப் பெண்கள் கத்துகிறார்கள், என் வாயில் பெரிப்லனேட்டா என்று வருகிறது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு லத்தீன் பேசுகிற தையல்காரியை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

முருங்கை கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பக்கத்து வீட்டு அம்மா கீரை கேட்டு வந்தபோது வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அத்தான் விளக்கினார். வெள்ளைக்காரன்தான் முதலில் மொரிங்கா என்று பேர் வைத்தானாம், நம் ஆட்களுக்கு வாயில் நுழையாமல் முருங்கை ஆக்கிவிட்டார்களாம். அந்த அம்மா கீரையை வாங்கிக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனாள். பல வருஷம் கழித்து, பாப்பா பதினாறு வயதில் படிவம் நான்கு படிக்கும்போது, சாப்பாட்டு மேசையில் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். மொரிங்கா என்பதே முருங்கையிலிருந்து போனதுதான், மாங்காய்தான் மாமரத்து லத்தீனான மாஞ்ஜிஃபெராவுக்குள் இருக்கிறது என்று வாசித்துக் காட்டினாள். அத்தான் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"அதெல்லாம் இன்னும் ஆராய்ச்சில இருக்கு," என்றார்.

பாப்பா பிறப்பதற்கு முன்னால் ஒருநாள், எதற்கு இந்தச் செத்துப்போன பாஷையைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று நான் கேட்டேன். செத்ததால்தான் சுத்தமாக இருக்கிறது, பேச ஆள் இருக்கிற பாஷை எல்லாம் அழுக்காகிவிடும் என்றார். கட்டின மனைவி எதிரே உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டிருக்கும்போது சொன்ன பேச்சு அது. அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்போது அக்கா எட்டு மாதக் கர்ப்பிணி. இரண்டு தடவை கலைந்து மூன்றாவதாகத் தங்கின பிள்ளை. ஒருநாள் பின்னால் அந்த நிலத்தில் நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"பொண்ணா பொறந்தா ஒரு பேரு வெச்சிருக்கேன்டி."

"என்ன பேரு?"

"சொல்ல மாட்டேன். சொன்னா அவரு காதுக்குப் போவும். அதுக்கு ஒரு லத்தீன் சொல்லிச் சிரிப்பாரு. அந்தப் பேரை வெச்சு யாரும் சிரிக்கக் கூடாது."

எனக்குக் கோபம்தான் வந்தது, என்னிடம் என்ன ரகசியம் என்று. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டேன்.

பிள்ளை பிறந்தது. அக்காவுக்கு ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள். பேர் பதிய அவசரப்படாதீங்க, நான் வந்து சொல்றேன் என்று அத்தானிடம் சொல்லியிருந்தாள். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவள் வீட்டுக்கு வந்த அன்று, சட்டைப்பையிலிருந்து பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பிரித்து நீட்டினார். புடிகா.

"நாணம் உள்ளவள்னு அர்த்தம். ரோமாபுரிக்காரன் பொம்பளைங்களுக்கு வைக்கற உயர்ந்த சொல்லு."

"எனக்குப் புடிக்கல," என்றாள் அக்கா.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியா, மக பேர்லயே பேசற."

"பின்னாடி மொளைச்சுக் கெடக்கே செமாலு, அதோட பேருதானே அத்தான் இது? களைக்கு வெச்ச பேரையா பிள்ளைக்கு வெப்பீங்க?" என்று நான் கேட்டேன்.

"வல்காரிஸுக்கு இதெல்லாம் வெளங்காது."

அக்கா ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. எனக்கு இன்றைக்கும் அதுதான் ஆறவில்லை. பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, பாப்பா என்றாள். அதற்குப் பிறகு அந்த லத்தீன் பேரை அவள் வாயால் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கிளினிக்கில் நர்ஸ் பேர் கேட்டால் அட்டையை நீட்டுவாள்.

ஆனால் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருக்கிறதே. டீச்சர் வருகை எடுக்கும்போது புடிகா என்று கூப்பிட, பின்வரிசைப் பையன்கள் எல்லாம் சேர்ந்து "து" என்று முடித்து வைப்பார்களாம். புடிக்கா, து. தினமும் காலையில். முதலாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் பையைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்து நின்று, "அம்மா, என்னைப் புடிக்காமத்தான் இந்தப் பேரு வெச்சீங்களா?" என்று கேட்டாள். அக்கா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின் நிலத்துக்குப் போய்விட்டாள். ஆறு வயதுப் பிள்ளையை, அத்தனை பெரிய பையோடு. ஹாலில் அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பையன்களுக்கு உச்சரிப்பு சரியில்லை, 'பியூடிகா' என்று சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றார். அவருக்கு அதுதான் கவலை.

இந்த ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போயிருந்தேன். பின்னால் நிலம் இல்லை. கார் கழுவுகிற கடையும் டயர் கடையும் வந்துவிட்டன, தண்டவாளம் கண்ணுக்கே தெரியவில்லை. முருங்கை மரமும் இல்லை. இலை கொட்டிக் கார் அழுக்காகிறது என்று அத்தான் வெட்டிவிட்டார். வெட்டிவிட்டு, போனில் ஆர்டர் செய்து மொரிங்கா மாத்திரை வாங்கித் தின்கிறார், சர்க்கரைக்கு நல்லதாம். போத்தலைத் தூக்கி என்னிடம் காட்டினார். இவரை எல்லாம் என்ன சொல்லித் திட்டுவது, சொல்லுங்கள்.

அடுப்படியில் அக்கா நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். பாப்பா வீங்கின காலை ஒரு நாற்காலியில் தூக்கி வைத்திருந்தாள்.

"இன்னைக்கு நீ சொல்லியே ஆவணும்மா. ரெண்டு வாரமா நாளைக்கு நாளைக்குங்கற. சித்தியும் வந்துட்டாங்க, சொல்லு."

அக்கா நெத்திலித் தட்டையே பார்த்தாள்.

"மறந்துட்டேன் பாப்பா."

"வெளையாடாதம்மா."

"ரெண்டு வாரமா ராத்திரி பகலா யோசிக்கறேன். வர மாட்டேங்குது. அப்ப யாருகிட்டயும் சொல்லல இல்ல. வாய்விட்டு ஒரு தடவகூடச் சொல்லல."

பாப்பா என்னைப் பார்த்தாள். நான்தான் பெரிய வாய்க்காரி ஆயிற்றே, உடனே ஆரம்பித்தேன். கயல்விழியா, பூங்கொடியா, தேன்மொழியா, மங்கையர்க்கரசியா? ஒவ்வொன்றுக்கும் அக்கா யோசித்து, இல்லை என்று தலையை ஆட்டினாள். பூ பேரா என்று கேட்டேன், இல்லை. சாமி பேரா, ம்ஹூம். ஹாலில் இருந்து அத்தான் குரல் கொடுத்தார்.

"அதான் அப்பவே நான் மறக்காத மாதிரி ஒண்ணு வெச்சேன்."

"மாத்திரையப் போட்டுட்டு கம்முனு கெடங்க அத்தான்," என்றேன். இத்தனை வருஷத்தில் அவரை வாயை மூடச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பாப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பரவால்லம்மா. எதாச்சும் ஞாபகம் இருக்கா? முதல் எழுத்து?"

"எழுத்து தெரியல," என்றாள் அக்கா. "கூப்பிட்டா வாய் நெறையும். அது மட்டும் ஞாபகம் இருக்கு."

பின்கதவு திறந்திருந்தது. டயர் கடைச் சுவர் தெரிந்தது. யாரையோ அங்கிருந்து கூப்பிடப் போகிறவள் மாதிரி அக்கா அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு மூடிக்கொண்டு அடுத்த நெத்திலியை எடுத்தாள்.