சிவப்புத் தொப்பிக் குள்ளன் எங்கள் வீட்டுக்கு வந்த வருஷம்

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் தைரியத்தை எதிர்பார்த்து ஏமாறக் கூடாது. எம்.ஏ. தமிழ் படித்திருக்கிறேன். பேய் பிசாசு நம்பிக்கைகள் எப்படி உண்டாகின்றன என்று கருத்தரங்கில் கட்டுரை வாசித்துக் கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்ட என்னை ஒரு முழ உயரக் களிமண் பொம்மை ஒரு வருஷம் ஆட்டி வைத்தது.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு அதிகாரியாக வந்திருந்த ஜெர்மன்காரரின் மனைவிக்கு நான் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் போவேன். முதல் நாள் அவர்கள் வீட்டு கேட்டைத் திறந்தபோது செம்பருத்திச் செடிக்கு அடியில் யாரோ குட்டையான பெரியவர் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து வணக்கம் சொல்லிவிட்டேன். பதில் வரவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் பொம்மை. கூம்பு மாதிரி சிவப்புத் தொப்பி, வயிறு வரைக்கும் வெள்ளைத் தாடி, கையில் ஒரு மண்வெட்டி, முகத்தில் எல்லாம் தெரிந்தவன் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

அந்த அம்மாவுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். தமிழ்ப் பாடம் பாதி அவன் கதையிலேயே ஓடியது. அவர்கள் ஊர் மலைகளில் வெள்ளியும் செம்பும் தோண்டியவர்கள், பூமிக்குள் குள்ள மனிதர்கள் இருப்பதாக நம்பினார்களாம். அந்தக் குள்ளர்கள்தான் புதையலுக்குக் காவல். சுரங்கம் சரியப் போகிறதென்றால் சுவரைத் தட்டி எச்சரிப்பார்கள். வெயில் பட்டால் கல்லாகிவிடுவார்கள். அந்தத் தொப்பிகூடச் சுரங்கத் தொழிலாளிகளுடையதுதான் என்றார். மேலே கல் விழுந்தால் தாங்குவதற்காக உள்ளே வைக்கோல் திணித்திருப்பார்களாம். எங்கள் பக்கம் ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் போடச் சொல்கிற மஞ்சள் ஹெல்மெட்டின் தாத்தா என்று நான் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு யாரோ அவர்களைக் களிமண்ணில் செய்து சூளையில் சுட்டு விற்க ஆரம்பித்தார்கள். ஓர் இங்கிலாந்து நிலக்கிழார் ஜெர்மனியிலிருந்து ஒரு கூட்டத்தையே வாங்கிக்கொண்டு போய்த் தன் தோட்டத்துப் பாறைகளுக்கு நடுவில் வைத்தாராம். அவர் மகள்களுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அப்பா போனதும் எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டினார்கள். பாறை இடுக்கில் ஒளிந்திருந்த ஒருவன் மட்டும் தப்பித்தான். அந்த மகள்களின் பெயர் தெரிந்தால் ஒரு கும்பிடு போடலாம் என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன்.

இன்னொரு கதையும் சொன்னார். அதை அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். இந்தக் குள்ளர்களுக்கு மனிதக் குழந்தைமேல் ஆசையாம். பிள்ளை பிறந்த வீட்டில் கண் அசந்தால் குழந்தையை எடுத்துக்கொண்டு, தொட்டிலில் தங்கள் குழந்தையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். அதனால் அந்தக் காலத்தில் தொட்டிலுக்கு மேல் கத்தரிக்கோலைத் தொங்கவிடுவார்கள், இரும்பு என்றால் அவர்களுக்கு ஆகாது என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அப்போது எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது.

அது மூன்றாவது தடவை. முதல் இரண்டும் நான்கு மாதம் தாண்டவில்லை. இந்த முறை என் கணவருக்கும் அவருடைய அம்மாவுக்கும் தவிர யாருக்கும் சொல்லவில்லை. மதுரையில் இருக்கும் என் அம்மாவிடம்கூட வாய் திறக்கவில்லை. சொன்னால் போய்விடும் என்று பயம். படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள், அதைத்தான் நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் மாதம் அந்த அம்மாவின் கணவருக்கு ஊருக்குத் திரும்ப உத்தரவு வந்துவிட்டது. கடைசி வகுப்பில் நான் காபி வேண்டாம் என்றதையும் நாற்காலியில் உட்கார்ந்த விதத்தையும் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். கட்டிப்பிடித்துக்கொண்டார். கண் கலங்கினார். தோட்டத்துக்குப் போய் அந்தக் குள்ளனைத் தூக்கி வந்து, மண்ணைத் துடைத்து, இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினார். அவன் நல்ல காவல்காரன், குழந்தையைப் பார்த்துக்கொள்வான் என்றார். பிறக்காத பிள்ளைக்கு ஒரு குண்டூசிகூட வாங்காத ஊரில் வளர்ந்தவள் நான். அவ்வளவு அன்போடு நீட்டியதை எப்படி மறுப்பது என்று தெரியாமல் வாங்கிக்கொண்டேன்.

ஷேர் ஆட்டோவில் அவனை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எதிரில் இருந்த ஓர் அம்மாள் குனிந்து கேட்டார்.

“இன்னா பொம்மமா இது? கொயந்தைக்கா?”

ஆபீஸுக்கு என்று ஏதோ உளறினேன். துப்பட்டாவை இழுத்து வயிற்றை மூடினேன். வீடு வருவதற்குள் வியர்த்துக் கொட்டிவிட்டது.

அத்தையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அத்தை என்றால் என் மாமியார். ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் கேன்டீன் வேலை, காலை ஷிப்ட். ஆயிரம் பேருக்குச் சாம்பார் கலக்குகிற கை, யாரையும் அதட்டுகிற வாய். குள்ளனைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் அளந்தார். பெட்டி வெயிட் தாங்காது என்று நம் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள் என்றார். குழந்தை மாற்றுகிற கதையை என் கணவர் கேலியாக எடுத்துவிட்டபோது மிகவும் உரக்கச் சிரித்தவர் அத்தைதான். வீட்டுக்குள் வேண்டாம் என்று நான் கெஞ்சியதால் அவனைப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அத்தை அவனுக்குத் தாடிக்காரன் என்று பெயர் வைத்தார். கேன்டீனில் தலையில் மாட்டுகிற வலைத் தொப்பியை அலசி, அவனுடைய கூம்புத் தொப்பியில்தான் காயப்போடுவார்.

எனக்கு அதைப் பார்க்கவே பகீரென்றிருக்கும். உடைக்கலாம் என்றால் கை வரவில்லை, கோபித்துக்கொண்டால்? யாருக்காவது கொடுக்கலாம் என்றால் அவர்கள் வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால்? குப்பையில் போட்டாலும் திரும்பி வந்துவிடுவான் என்று தோன்றியது. தினமும் அவன்மேல் வெயில் விழுகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொள்வேன். ராத்திரி தலையணைக்கு அடியில் பாக்குவெட்டி. பிள்ளைத்தாச்சி இரும்பு வைத்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கமும்தான். முன்பென்றால் இதை ஒரு கட்டுரையாக எழுதி இரு நாட்டு மரபுகளின் ஒப்புமை என்று தலைப்பு வைத்திருப்பேன். இப்போது வேறு மாதிரி ஓடியது புத்தி. ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே பொருளைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால், இரண்டு பேரும் எதையோ பார்த்திருக்க வேண்டும் அல்லவா?

ஐந்தாம் மாதம் தாண்டி, ஆறும் தாண்டியது. ஏழில் அத்தை வளைகாப்பை ஊர் கூட்டாமல் வீட்டோடு முடித்தார். செலவு என்றார். எட்டாம் மாதம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்ததில் சூரியனையே பார்க்க முடியவில்லை. தாடிக்காரன் ஈரத்தில் பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தான்.

ஒருநாள் காலை வீட்டில் நான் மட்டும். கணவரும் அத்தையும் வேலைக்குப் போயிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவளுக்குத் திடீரென்று உறைத்தது, எழுந்ததிலிருந்து குழந்தை ஒரு தடவைகூட அசையவில்லை. வயிற்றைத் தட்டினேன். பேசினேன். இனிப்பாக ஏதாவது குடித்தால் துள்ளும் என்பார்கள், சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றுமில்லை. கணவருக்கு அடித்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. அவர்கள் கம்பெனியில் போனை வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். அத்தைக்கும் அதே கதைதான். ஜன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். எடுத்துவிட்டான் என்று நினைத்தேன். பொய் சொல்லவில்லை, அந்த நிமிஷம் அப்படியேதான் நம்பினேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் குழந்தை அசையவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, பூட்டைக்கூடப் போடாமல் நனைந்துகொண்டே ரோட்டுக்கு ஓடினேன். ஷேர் ஆட்டோக்காரர் என் வயிற்றையும் முகத்தையும் பார்த்தார், வேறு யாரையும் ஏற்றிக்கொள்ளவில்லை. மறைமலை நகர் ஆஸ்பத்திரி வரைக்கும் எங்கேயும் நிறுத்தாமல் ஓட்டினார். அங்கே படுக்க வைத்து, வயிற்றில் ஜெல் தடவி, கருவியை வைத்து நகர்த்தினார்கள். டாக்டர் அம்மா நகர்த்திக்கொண்டே இருந்தார். நான் அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. உங்கள் குழந்தை தூங்குமூஞ்சி என்றார் டாக்டர். நான் அழுத அழுகையில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, சாயங்காலம் வரை இருக்கட்டும் என்றார்கள். ஷிப்ட் முடிந்து போனைப் பார்த்த கணவர், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு விசாரித்துக்கொண்டு நேராக அங்கேயே வந்துவிட்டார். அத்தைக்குப் போன் போடவில்லையா என்று கேட்டேன். இரண்டு தடவை போட்டாராம், எடுக்கவில்லையாம். பொழுது சாயும் நேரத்தில் திரும்பினோம். அவர் மருந்துக் கடையில் நின்றுவிட்டதால் நான் மட்டும் வீட்டுக்குள் போனேன். முன்னறையில் அத்தை இல்லை. கட்டிலில் அவர் போன் கிடந்தது. பின்பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கதவருகில் போனேன்.

பக்கத்து வீட்டுப் பெண் சொல்லியிருக்க வேண்டும், அத்தை கேன்டீன் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் தாடிக்காரன். அவனுக்கு முன்னால் எவர்சில்வர் தட்டில் தயிர்சாதம். தூறல் தட்டில் விழுந்துகொண்டிருந்தது.

“தோ பாரு. நீ எந்த ஊரு சாமியோ பூதமோ, எனுக்குத் தெரியாது. ரெண்டு போயிடுச்சு. இத்த வுட்டுடு. உனுக்கு ஒண்ணு வோணும்னா நான் கீறேன், என்ன எடுத்துக்கோ. அந்தப் பொண்ணு இன்னொரு வாட்டி தாங்காது.”

ஜெர்மன் நாட்டுக்கு வடக்கே இந்தக் குள்ளனுக்கு வாசலில் கஞ்சி வைக்கிற வழக்கம் ஒன்று உண்டு என்று அந்த ஜெர்மன் அம்மா சொல்லியிருந்தார். அதை நான் அத்தையிடம் சொன்னதே இல்லை.

காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். குழந்தை நன்றாக இருக்கிறது அத்தை என்றேன். அவர் தலையை ஆட்டினார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை, மறுபடி உட்கார்ந்தார். தட்டைக் கையில் எடுத்தார்.

“சோறு மீந்துச்சு. காக்காக்கு வெச்சேன்” என்றார்.

இருட்டுகிற நேரத்தில் எந்தக் காக்கா வரும்? அடுத்த நிமிஷமே பூட்டாமல் போனதற்கு என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கு என் பயம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, இரண்டாகிவிட்டது. இதுவரை வயிற்றில் இருப்பதற்கு மட்டும் பயந்தவள், இனி அத்தைக்கும் சேர்த்துப் பயந்தேன். அவர் இருமினால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டைத் தாண்டும்வரை வாசலில் நின்று லாரிகளையே பார்ப்பேன். கேன்டீனில் கொதிக்கிற அண்டாக்களை நினைத்தால் தூக்கம் வராது. லீவு போடுங்கள் என்று நச்சரித்தேன். இன்னா திடீர்னு பாசம் என்று கிண்டல் செய்துவிட்டுப் போய்விடுவார். ஒரு மத்தியானம் யாரும் இல்லாதபோது நானே தாடிக்காரன் முன்னால் போய் நின்றேன். அத்தை சொன்னதை எடுத்துக்கொள்ளாதே என்றேன். அதற்குப் பதிலாக என்ன தருவது என்று யோசித்தேன். என்னிடம் இருந்ததெல்லாம் எனக்கு வேண்டியவையாகவே இருந்தன. பேரம் பேச வழியில்லாமல் உள்ளே வந்துவிட்டேன்.

மார்கழிக் காலையில் வலி எடுத்தது. அந்த வலியைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. மதியத்துக்குள் ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. நர்ஸ் துணியில் சுற்றித் தூக்கிக் காட்டினார்.

“பொண்ணுமா. நல்லா கீது.”

அந்தச் சொல்லுக்காகத்தான் இத்தனை வருஷமும் காத்திருந்தேன். ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. அவன் கொடுத்துவிட்டான். இனி எடுத்துக்கொள்வதுதான் பாக்கி.

“எங்க அத்தை எங்கே?” என்று கேட்டேன்.

முதலில் குழந்தையைப் பாரும்மா என்றார் நர்ஸ். அத்தையைக் கூப்பிடுங்கள் என்று கத்தினேன். வெளியே போய்ப் பார்த்தவர்கள் வராண்டாவில் இல்லை என்றார்கள். டீக்கடைக்கு ஆள் அனுப்பினார்கள், அங்கேயும் இல்லை. குழந்தை அழுதுகொண்டே இருந்தது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வழியாக வந்தார். கீழே மருந்துக் கடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாராம். மூச்சு வாங்க உள்ளே நுழைந்தவர் என் முகத்தைப் பார்த்து வெளிறிப்போனார்.

“இன்னாமா, எதுனா ஆயிடுச்சா?”

“இல்ல அத்தை. உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?” என்றேன்.

அப்படியே நின்றார். மழையில் அவர் பேசியது எனக்குக் கேட்டிருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். நர்ஸ் குழந்தையை அவரிடம் நீட்டினார். அத்தை வாங்கிக்கொள்ளவில்லை. கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் முதலில் என் முகத்தைத் துடைத்தார்.