உள்ளே எரிந்த டாங்கி

முனிகிருஷ்ணன் அண்ணன் அழுக்கைச் சகிக்காத மனிதர். கண்டோன்மென்டில் நாங்கள் வேலை பார்த்த ராணுவ ஒர்க்‌ஷாப்பில் இருபது வருடமாகப் பெயிண்டர். பூசிய வண்டியில் ஒரு தூசி ஒட்டினாலும் தேய்த்துவிட்டு மறுபடி பூசுவார். நான் ரெமிஜியஸ், அங்கே தச்சன். "விட்டா எருமைக்கும் வார்னிஷ் அடிப்பீங்கண்ணே" என்று கேலி செய்வேன்.

அவருக்கு ஒரே மகன், அசோகன். அறுபத்தைந்தாம் வருடச் சண்டையில் டாங்கி ஓட்டப் போனான். அவன் டாங்கி எதிரி மண்ணில் நின்றுவிட்டது. அதிலிருந்த ஒருவரும் திரும்பவில்லை. 'காணவில்லை' என்று மட்டும் கடிதம் வந்தது. அதைப் போல ஒரு கேடுகெட்ட சொல்லை நான் பார்த்ததில்லை. கைதிகள் எல்லாரும் திரும்பிய பிறகும் அண்ணனும் மருமகள் ஜானகியும் அல்சூர் வீட்டில் காத்திருந்தார்கள். ஏதோ ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறான் என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். மறுத்துப் பேச எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அடுத்த வருடம் ஒரு மேஜர் வந்து, ஆபீசர்கள் சாப்பிடும் மெஸ்ஸில் வைக்க மர டாங்கி ஒன்று வேண்டும் என்றார். பத்தில் ஒரு பங்கு அளவு. தேக்கில் உடம்பைச் செதுக்கினேன். பித்தளைக் குழாயில் பீரங்கி, சைக்கிள் செயினில் சக்கரப்பட்டை. அண்ணன் மூன்று கோட் பச்சை அடித்துப் பளபளவென்று நிறுத்தினார். மேஜர் சிரித்தார். புது வண்டி வேண்டாமாம், சண்டையில் அடிபட்ட கோலத்தில் வேண்டுமாம்.

அண்ணனுக்கு அழுக்காக்கத் தெரியவில்லை. ஏரிக்கரைச் செம்மண்ணைத் துணியில் சலித்து, பசையில் குழைத்து அப்பினார். பஞ்சாபில் ஏது செம்மண் என்று மேஜர் மறுபடியும் சிரித்தார். பிறகு, எதிரி பக்கத்திலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த போட்டோ ஒன்றைக் கொடுத்து, இதே மாதிரி செய்யச் சொல்லிவிட்டுப் போனார். யாரிடம் கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. தெரியாததற்காக அவரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

போட்டோவில் டாங்கியின் எண் தெளிவாக இருந்தது. லீவில் வந்தபோது அசோகன் ஜானகியிடமும் எங்களிடமும் பெருமையாகச் சொன்ன எண். டிரைவர் இருக்கைக்கு மேலிருக்கும் மூடி சாத்தியிருந்தது. அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெமி, வெளிய தீ பட்டிருந்தா பெயிண்ட் ஒரே சீரா கருகும். இது மூடிய சுத்தி மட்டும் உப்பியிருக்கு. உள்ள எரிஞ்சிருக்கு."

வேறு யாராவது பார்த்திருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பெயிண்டருக்கு அந்த வழியும் இல்லை.

"உட்டுடுங்கண்ணே. வேற யாராச்சும் அடிக்கட்டும்" என்றேன்.

"வேற எவனுக்கும் இது வராது" என்றார்.

ஒன்பது நாள் அதிலேயே கிடந்தார். சாம்பலும் சுண்ணாம்பும் கலந்து அந்த ஊர்ச் சேற்றைக் கொண்டுவந்தார். லாந்தர் சிம்னிக் கரியை எண்ணெயில் குழைத்து, பாதி துடைத்த பிரஷ்ஷால் மூடியின் விளிம்பிலிருந்து வெளியே இழுத்தார். போட்டோவிலிருந்த எண்ணையும் அப்படியே எழுதினார். நான் கீல் வைத்துச் செய்திருந்த மூடியை ஒட்டிவிடச் சொன்னார். ஒட்டினேன். அதைவிட நல்ல வேலை அவர் செய்ததில்லை.

வீட்டில் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் ஜானகியின் தாலியைக் கழற்ற சொந்தக்காரர்கள் வந்து நிற்பார்கள். அவளுக்கு இருபத்திரண்டு வயது.

ஆயுத பூஜை வந்தது. அன்று மட்டும் ஒர்க்‌ஷாப்புக்குள் வீட்டுப் பெண்களை விடுவார்கள். லேத்துக்கும் ஜீப்புக்கும் குங்குமம் வைத்துக்கொண்டே வந்த ஜானகி, மேஜைமேல் டாங்கியைப் பார்த்து நின்றாள்.

"அவரு வண்டி மாதிரியே இருக்கு, மாமா."

பொட்டு வைக்கும் முன் முந்தானையால் மூடியைத் துடைத்தாள். கரி போகவில்லை. அழுத்தித் துடைத்தாள்.

"பூஜைக்கு இப்படியா கரியோட வெப்பாங்க?"

அவள் நகத்தால் மூடியை நெம்பிப் பார்த்தாள்.

"இது தெறக்காதா மாமா?"

"தெறக்காதும்மா" என்றார். அவள் விரலை மூடியிலிருந்து விலக்கிவிட்டு, "அன்னைக்கும் தெறக்கல" என்றார்.

ஜானகி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு டாங்கியின் எண்ணைப் பார்த்தாள். விரலில் எடுத்திருந்த குங்குமத்தைச் சிமிழிலேயே தட்டி, சிமிழை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே வெச்சிடுங்க மாமா. நான் இனிமே வெக்கக் கூடாது."