ஒன்றில்தான் போட்டேன்

எங்கள் பெரியப்பா பட்டாளத்தில் இருந்துவிட்டு ஆம்பூருக்குத் திரும்பி, ஒரு ஷூ கம்பெனியில் காவலர்களுக்கு மேலாளராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய ரைஃபிளில் குறி பார்த்துச் சுடப் போவார். கடையில் வாங்கும் தோட்டா ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது என்பது அவர் குறை. அதனால் முறைப்படி அனுமதி வாங்கி, மாடி அறையில் தன் தோட்டாக்களைத் தானே செய்துகொள்வார்.

வாய் திறக்காமல் இருப்பதானால் நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்க்கலாம். பித்தளைக் குப்பிகளை ஒரு மரப்பலகையின் குழிகளில் நிறுத்தி, வெடிமருந்தை நகைக்கடைத் தராசு போன்ற ஒன்றில் நிறுத்துக் கொட்டுவார். பிறகு மேலே குண்டை வைத்து அழுத்துவார். ஏன் பேசக் கூடாது என்று ஒருமுறை கேட்டேன். கவனம் சிதறி ஒரு குப்பிக்கு இரண்டு அளவு போய்விட்டால், சுடும்போது துப்பாக்கி முகத்திலேயே வெடித்துவிடும் என்றார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு சனிக்கிழமை மதியம். முக்கால்வாசி வேலை முடிந்திருந்தது. கம்பெனி வாசலில் ஏதோ தகராறு என்று போன் வந்தது. பேசிக்கொண்டே மொட்டை மாடிக்குப் போனார். தராசுத் தட்டில் நிறுத்த மருந்து அப்படியே இருந்தது. கடுகை விடப் பொடியாக, கறுத்துப் பளபளப்பாக. ஒரே ஒரு தடவை கொட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. ஓரத்திலிருந்த குப்பியில் கொட்டினேன். கொட்டிய பிறகுதான் அதில் ஏற்கெனவே மருந்து இருந்ததைப் பார்த்தேன். பழகுவதற்கான தோட்டா என்பதால் கொஞ்சம்தான் போட்டிருந்தார். இரண்டளவு போயும் குப்பி நிறையவில்லை.

அவர் கோபத்தோடு திரும்பினார். தட்டு காலியாக இருந்ததை அவர் கவனிக்கவில்லை. மறுபடி போன் வந்தது. காதுக்கும் தோளுக்கும் நடுவே அதை இடுக்கிக்கொண்டே மீதியை முடித்து, எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடினார். நான் கீழே ஓடிவிட்டேன். அன்று ராத்திரி சாப்பிட வரவில்லை. வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

மறுநாள் காலை அவர் ரைஃபிள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் ஏறினார். அப்போதுதான் சவரம் செய்திருந்த வலது கன்னத்தில் சிறு வெட்டு. துப்பாக்கியை அந்தக் கன்னத்தில்தான் ஒட்டி வைப்பார். பைக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பெரிப்பா, ஒன்னுல நானும் மருந்து போட்டுட்டேன்."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

மாடியில், சுத்தியல் மாதிரி ஒரு கருவியில் தோட்டாவை மாட்டிக் கட்டையில் தட்டினார். குண்டும் மருந்தும் தனியாக வந்தன. மருந்தை நிறுத்துக் காகிதத்தில் கொட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஏழாவதோ எட்டாவதோ, தராசு சட்டென்று தாழ்ந்தது. அந்த மருந்தைத் தனியே குவித்தார். அதோடு எழுந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. கடைசியில் நாலைந்து இருக்கும்போது தராசு மறுபடி அதேபோல் தாழ்ந்தது. அதை எடுத்து இன்னொரு முறை நிறுத்துப் பார்த்தார். தனிக் குவியலுக்குப் பக்கத்தில் இன்னொரு குவியல் வைத்தார்.

"எத்தினில போட்ட?"

"ஒன்னுல."

"நல்லா யோசிச்சு சொல்லு பாப்பா."

"ஒன்னுலதான் பெரிப்பா. ஓரத்துல இருந்ததுல."

திட்டவில்லை, அடிக்கவில்லை. மீதியையும் பிரித்து முடித்துவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியைப் பெரியம்மாவிடம் கொடுத்தார். அதன் பிறகு அவர் தோட்டா செய்யவே இல்லை. சில மாதங்களில் ரைஃபிளும் வீட்டை விட்டுப் போனது. எல்லாம் என்னால்தான் என்று வருடக்கணக்கில் மருகினேன்.

அன்று அவர் மறுபடியும் கேட்டபோது, நான் பொய் சொல்வதாக நினைக்கிறார் என்று எண்ணித்தான் அழுதேன். அவர் என்னை நம்பினார் என்பதும், நம்பியதால்தான் அந்த இரண்டாவது குவியலுக்காக அறையைப் பூட்டினார் என்பதும் அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.