இரண்டு பக்கமும் பயப்படும் ஃபங்ஷன்

போன புதன்கிழமை, கொழும்பு வெள்ளவத்தையில், கம்ப்யூட்டரை வாடகைக்குத் தரும் காலி வீதிக் கம்யூனிகேஷன் சென்டர் ஒன்றில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று மத்தியானத்துக்குள், தான் படிக்கும் கம்பஸில் அவள் ஆராய்ச்சி ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். பிந்தினால் எடுக்க மாட்டார்களாம்.

படம் காட்டிப் படிப்பித்தால் பிள்ளைகளின் மார்க்ஸ் கூடுமா — இதுதான் ஆராய்ச்சி. அவளுடைய கணக்கில் வந்த விடை 1.9. அது தற்செயல் இல்லை என்று சொல்ல, புள்ளிவிபரப் புத்தகங்களின் 'டி' அட்டவணையில் உள்ள ஓர் எண்ணைத் தாண்ட வேண்டும். லைப்ரரிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை யாரோ கிழித்துவிட்டார்கள். அதனால் எக்செல். 'டிஇன்வ்' என்ற ஃபங்ஷனை அடித்து, தற்செயலுக்கு விடும் ஐந்து வீதத்துக்கு 0.05, பக்கத்தில் பிள்ளைகளின் தொகையை வைத்து வரும் 20 என்று கொடுத்தாள். 2.09 வந்தது.

"போச்சு அப்பா. தாண்டேல்லை."

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன்.

வாங்காமல் தலையில் தட்டிக்கொண்டாள். "ஐயோ, இது ரெண்டு பக்கமும் பாக்கிற ஃபங்ஷன்! கூடுதோ, குறையுதோ எண்டு அஞ்சைப் பாதி பாதியாப் பிரிக்குது. நான் கூடுதோ எண்டு மட்டும்தானே பாக்கிறன்? பத்து எண்டு குடுத்தாத்தான் ஒரு பக்கத்துக்கு அஞ்சு வரும்."

0.10 கொடுத்தாள். 1.72! அவளுடைய 1.9 தாண்டிவிட்டது.

"விடை வரவேணும் எண்டு நம்பரை மாத்துறியோ பிள்ளை? பிடிபட்டால்?"

"சும்மா இருங்கோ அப்பா. கூடுதோ எண்டுதான் முதல் பக்கத்திலயே எழுதியிருக்கிறன். நீங்களும் இந்த ஃபங்ஷன் மாதிரித்தான்... ரெண்டு பக்கமும் பயம்."

உண்மைதான். யுத்தம் நடக்கிற காலம்; பஸ்ஸில் போனால் குண்டு, நடந்தால் செக்பொயின்ட். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் — உங்கள் வீட்டிலும் இருக்கலாம் — குண்டு வெடித்தாலும் ஒருவராவது மிஞ்சட்டும் என்று, இரண்டு பேர் ஒரே பஸ்ஸில் ஏறுவதில்லை. அந்த ஃபங்ஷன் ஐந்து வீதத்தைப் பிரிக்கிறது. நான் குடும்பத்தைப் பிரிக்கிறேன்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு அவள் முன் பஸ்ஸில் ஏறினாள். நான் பின் பஸ்ஸில். பம்பலப்பிட்டியில் ஆமிக்காரர் என் பஸ்ஸை மறித்து, எல்லோரையும் இறக்கி, பைகளைத் திறந்து... நேரம் போனது. அவளாவது போய்க் கொடுத்திருப்பாள் என்ற ஒரே நிம்மதி.

கம்பஸ் பஸ் ஹோல்ட்டில் இறங்கினால், ரிப்போர்ட்டை நெஞ்சோடு அணைத்தபடி அங்கேயே நிற்கிறாள்!

"இன்னும் குடுக்கேல்லையோ?"

"உங்கட பஸ்ஸைக் காணேல்லை... நான் எப்பிடி உள்ள போறது?"

"ஓடு பிள்ளை!"

ஓடினாள். கிளார்க் மேசையைப் பூட்டுகிற நேரத்தில் கொடுத்தும் விட்டாள்.

இரண்டு பஸ்ஸில் போனால் பயம் பாதியாகும் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பாதியாவதில்லை — ஆளுக்கொன்று முழுதாகக் கிடைக்கிறது.